யூரோஃப்ளோமெட்ரி: சிறுநீர்ப் பாய்வு பரிசோதனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர் மெலிதாக வருகிறது, வரத் தொடங்கவே நேரமாகிறது, முக்கினால்தான் வருகிறது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே தோன்றுகிறது என்று யூராலஜி மருத்துவரிடம் செல்பவர்களுக்கு முதலில் எழுதித் தரப்படும் சோதனைகளில் ஒன்று யூரோஃப்ளோமெட்ரி. எளிய சோதனைதான். ஆனால் அதற்குத் தயாராகும் முறை தவறினால் வரும் முடிவும் தவறாகிவிடும் என்பதை நோயாளிகளுக்கு யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. அதனால் அந்தப் பகுதிக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்தச் சோதனையில் என்ன அளக்கப்படுகிறது?

நீங்கள் சிறுநீர் கழிக்கும்போது ஒவ்வொரு வினாடியிலும் எத்தனை மில்லிலிட்டர் வெளியேறுகிறது என்பது அளக்கப்படுகிறது. புனல் பொருத்திய ஒரு கருவியில் வழக்கம்போல் சிறுநீர் கழித்தால் போதும். பாய்வு எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாக ஏறியது, உச்சத்தில் எவ்வளவு இருந்தது, எப்படித் தணிந்து நின்றது என்பதையெல்லாம் கருவி ஒரு கோடாக வரைந்து கொடுத்துவிடும்.

வலிக்குமா? ஊசியோ ட்யூபோ உண்டா?

வலி இல்லை, ஊசி, ட்யூப், மயக்க மருந்து எதுவும் இதற்குத் தேவையில்லை.

யாருக்கு இந்தச் சோதனை தேவைப்படுகிறது?

ஐம்பது வயதைக் கடந்த, புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களே பெரும்பாலும் இதற்கு அனுப்பப்படுகிறார்கள். ஆனால் இது அவர்களுக்கு மட்டுமானது அன்று. விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள், நீண்ட நாள் ட்யூப் வைத்திருந்தவர்கள், சிறுநீர்த்தாரை (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய்) சுருங்கியதற்கு அறுவை செய்துகொண்டவர்கள், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள், சிறுநீர் முழுமையாக வெளியேறாத பெண்கள், பகலிலும் உடை நனைக்கும் குழந்தைகள் ஆகியோருக்கும் மருத்துவர் இதைப் பரிந்துரைக்கலாம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இன்று பரவலாக இரண்டு வகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒன்றில், சிறுநீர் விழும் பாத்திரம் நுட்பமான எடைக்கருவியின் மேல் இருக்கும். எடை கூடும் வேகத்தை வைத்துப் பாய்வின் வேகம் கணக்கிடப்படும். மற்றொன்றில், சீரான வேகத்தில் சுழலும் ஒரு தட்டின்மேல் சிறுநீர் விழும். தட்டின் வேகம் குறையாமல் காக்க மோட்டாருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் மின்சாரம் பாய்வின் அளவைக் காட்டும்.

இந்த நிலையை எட்டுவதற்குச் சில பத்தாண்டுகள் ஆயின. 1932-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், சிறுநீர் எவ்வளவு தூரம் சென்று விழுகிறது என்பதை வைத்தே புராஸ்டேட் அடைப்பை ஊகிக்கலாம் என்று எழுதினார்கள். 1948-இல் வில்லார்ட் டிரேக் பாய்வைக் கோடாகப் பதிவு செய்யும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1956-இல் சுவீடனைச் சேர்ந்த ஃபொன் காரெல்ட்ஸ் அதை மின்னணு முறைக்குக் கொண்டுவந்தார்.

எவ்வளவு தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும்?

சோதனைக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமாகக் கழிப்பறைக்குப் போகத் தோன்றும் அளவுக்கு உணர்வு வரும்வரை காத்திருப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த அளவைக் குடிக்கக் கூடாது. முன்கூட்டியே தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? பாய்வின் வேகம் சிறுநீர்ப்பையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. பையில் கொஞ்சமே இருந்தால் அதன் தசை போதிய அளவு விரிந்திருக்காது. அடைப்பே இல்லாத இளைஞருக்கும் வேகம் குறைவாகத்தான் வரும். அதனால்தான் வெளியேறிய அளவு குறைந்தது 150 மி.லி. இருந்தால் மட்டுமே பெரியவர்களின் சோதனை முடிவு நம்பத்தக்கது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். 80 மி.லி. மட்டும் கழித்துவிட்டு, வேகம் 8 என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு புராஸ்டேட் முற்றிவிட்டது என்று கலங்குவதில் பொருளில்லை. அந்தத் தாள் மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

அடக்கி அடக்கி வைத்துவிட்டுப் போனால் இன்னும் நன்றாக அளக்கலாம் அல்லவா?

இல்லை. இந்த எண்ணம்தான் பல சோதனைகளைக் கெடுக்கிறது. சிறுநீர்ப்பை 500, 600 மி.லி.க்கு மேல் நிறைந்து தசை அளவுக்கு மீறி இழுபட்டுவிட்டால், அது சுருங்கும் வலிமை குறைகிறது, பாய்வு மெலிகிறது, பைக்குள் மிச்சமும் தங்குகிறது. இல்லாத நோயை இருப்பது போலக் காட்டும் ரிப்போர்ட் இப்படித்தான் உருவாகிறது.

நம் ஊர்களில் இது குறிப்பாக ஒரு சூழ்நிலையில் நேர்கிறது. வயிற்று ஸ்கேனும் யூரோஃப்ளோமெட்ரியும் ஒரே நாளில் எழுதித் தரப்படும். ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லித் தண்ணீரைக் குடிக்கச் செய்து, வரிசையில் நெடுநேரம் அமர வைத்துவிடுவார்கள். அடிவயிறு வெடிப்பது போன்ற நிலையில் ஸ்கேன் முடிந்ததும், நோயாளி நேராகப் பாய்வு சோதனைக்கு அனுப்பப்படுவார். அப்போது வரும் எண்ணை அவருடைய இயல்பான வேகமாக எடுத்துக்கொள்ளவே முடியாது. இந்த நிலையில் இருந்தால், வெட்கப்படாமல் சோதனை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "ரொம்ப நேரமா அடக்கி வச்சிருக்கேன், இப்ப போயிட்டு, மறுபடி தண்ணி குடிச்சுட்டு வரட்டுமா?" அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, அக்கறையுள்ள எந்தத் தொழில்நுட்பரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் முதலில் கழித்ததையும் கருவியிலேயே பதிவு செய்துகொள்வது நல்லது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை பாய்வைச் சற்றுக் கூட்டும். அடிக்கடி சிறுநீர் வருவதைக் குறைக்கத் தரப்படும் சில மாத்திரைகள் பையின் தசையைத் தளர்த்தும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஃபீனைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் போன்றவை, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் வெளியேறுவதை இன்னும் கடினமாக்கிவிடும். சாதாரணச் சளி மாத்திரைதானே என்று இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

சோதனை அறைக்குள் நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

வீட்டில் எப்படிப் போவீர்களோ அப்படியே போங்கள். ஆண்கள் நின்று போவதே வழக்கமென்றால் நின்றும், உட்கார்ந்து போவதே வழக்கமென்றால் உட்கார்ந்தும் போகலாம். சோதனையில் நல்ல எண் வர வேண்டும் என்பதற்காக வயிற்றை இறுக்கி முக்காதீர்கள். முக்கினால் கோடு மேடும் பள்ளமுமாகச் சிதறும். மாறாக, எப்போதுமே முக்கித்தான் போகிறீர்கள் என்றால் அதையும் சோதனை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்; அதுவும் ஓர் அறிகுறிதான்.

சிறுநீர் புனலின் பக்கச் சுவரில் ஒரே இடத்தில் விழட்டும். சிறுநீர் விழும் இடத்தை இங்கும் அங்கும் மாற்றினாலோ, புனலைக் காலால் தட்டினாலோ, நடுவில் உறுப்பை அழுத்திப் பிடித்து விட்டாலோ கோட்டில் திடீரென்று ஒரு கூர்முனை எழும். கருவி அதையே உச்ச வேகம் என்று அச்சிட்டுவிடும். ரிப்போர்ட்டில் உச்சம் 28 என்று இருக்க, கோட்டைப் பார்த்தால் அந்த ஒரு முனையைத் தவிர மற்ற இடமெல்லாம் 11-ஐத் தாண்டாமல் இருப்பது உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் கருவி அச்சிட்ட எண்ணை அப்படியே ஏற்காமல், கோட்டைத் தம் கண்ணால் பார்த்துத் திருத்திப் படிப்பது இதனால்தான். டிஷ்யூ தாள் போன்ற எதையும் புனலுக்குள் போடக் கூடாது.

வெளியே ஆள் நிற்கிறார் என்று நினைத்தாலே எனக்கு வராது. என்ன செய்வது?

இது பலருக்கும் உள்ள இயல்பு. கதவைத் தாழிட்டுக்கொள்ளவும், தொழில்நுட்பரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லவும் நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான கருவிகள் சிறுநீர் விழத் தொடங்கிய பிறகுதான் பதிவைத் தொடங்கும், எனவே அவசரம் எதுவுமில்லை. முடிந்த பிறகு, "வீட்டில் போவது போலவே போனேனா?" என்று உங்களை நீங்களே கேட்டுப் பார்த்து, இல்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அது ரிப்போர்ட்டில் குறிக்கப்பட வேண்டிய செய்தி. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வராமல், குறைந்தது இரண்டு முறையாவது அளந்து பார்ப்பது நல்ல நடைமுறை.

பெண்களுக்கு எப்படிச் செய்யப்படுகிறது?

நடுவில் துளையுள்ள நாற்காலியின் கீழே புனலும் கருவியும் வைக்கப்பட்டிருக்கும். அதில் முழுமையாக அமர்ந்து, கால்கள் தரையில் பதிய, தளர்வாக இருக்க வேண்டும். பொது இடத்து இருக்கை என்ற தயக்கத்தில் பலர் அதைத் தொடாமல் அந்தரத்தில் பாதி குனிந்து நின்றபடி போகிறார்கள். அந்த நிலையில் இடுப்புத் தளத் தசைகள் இறுகியே இருப்பதால் பாய்வு குறையும், மிச்சமும் தங்கும். இருக்கையைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது தாள் விரித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களாக இருந்தால் தேதியை மாற்றிக் கேட்கலாம்.

சரியான அளவு எவ்வளவு?

உச்ச வேகத்தை ரிப்போர்ட்டில் கியூமேக்ஸ் என்று குறிப்பார்கள். ஆண்களில் அது வினாடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் பொதுவாகத் திருப்தியானது. 10-க்கும் 15-க்கும் இடைப்பட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 10-க்குக் கீழே இருந்தால் மேலும் ஆராய வேண்டும். பெண்களின் சிறுநீர்த்தாரை குட்டையானது, வழியில் புராஸ்டேட்டும் இல்லை; அதனால் அவர்களுக்கு வேகம் கூடுதலாக, பெரும்பாலும் 20-க்கு மேல் இருக்கும். ஆண்களில் வயது ஏற ஏற வேகம் இயல்பாகவே குறையும் என்பதால், எழுபது வயதுக்காரரின் எண்ணை முப்பது வயதுக்காரரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

கியூமேக்ஸை மட்டும் தனியே பார்ப்பது பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. வெளியேறிய மொத்த அளவு, சராசரி வேகம், ஆன நேரம், கோட்டின் வடிவம், பிறகு ஸ்கேனில் தெரிந்த மிச்சம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோட்டின் வடிவம் எதைச் சொல்கிறது?

இயல்பான பாய்வு மணியின் வடிவில் இருக்கும்: விரைவாக ஏறி, மொத்த நேரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் உச்சத்தைத் தொட்டு, வழுவழுப்பாக இறங்கும். புராஸ்டேட் வீக்கத்தில் அந்த மணி தட்டையாகி, உச்சம் தாழ்ந்து, வால் நீண்டுகொண்டே போகும். சிறுநீர்த்தாரை தழும்பினால் சுருங்கியிருந்தால், கோடு சட்டென்று ஒரு மட்டத்துக்கு ஏறி, பெட்டியின் மேற்பரப்பு போல அதே மட்டத்தில் நெடுநேரம் ஓடிப் பிறகு விழும். சுருங்கிய இடம் அதற்கு மேல் விடாததே காரணம். தாரையின் உள்ளளவு 4 மி.மீ.க்கும் கீழே குறைந்த பிறகுதான் பாய்வு நன்றாக விழத் தொடங்கும் என்பதால், தொடக்க நிலைச் சுருக்கம் இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். விட்டு விட்டு வரும் பாய்வு, முக்குதலையோ, பையும் அதன் வாயிலைக் காக்கும் தசையும் ஒத்திசையாமல் இயங்குவதையோ காட்டும்.

எனக்குக் கியூமேக்ஸ் 9. புராஸ்டேட் அறுவை செய்தே ஆக வேண்டுமா?

இந்த எண் ஒன்றை வைத்து அப்படி யாரும் முடிவு செய்யக் கூடாது. மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒல்லியாக வந்தால், குழாய் அடைத்திருக்கலாம், அல்லது தொட்டியில் தண்ணீரே குறைவாக இருக்கலாம். குழாயின் வாயில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். யூரோஃப்ளோமெட்ரியும் அப்படிப்பட்டதே. பாய்வு குறைந்திருக்கிறது என்று அது சொல்லும். வழியில் அடைப்பா, சிறுநீர்ப்பைத் தசையின் பலவீனமா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

1998-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு இதை எண்களில் காட்டியது. வேகம் 10-க்குக் கீழே இருந்த ஆண்களில் பத்துக்கு ஏழு பேருக்கே உண்மையான அடைப்பு இருந்தது. மீதி மூன்று பேருக்கு அடைப்பு இல்லை. தசை பலவீனத்தால் பாய்வு குறைந்தவருக்குப் புராஸ்டேட்டைச் செதுக்கி எடுத்தால், எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். எனவே அறுவைக்கு முன் ஐயம் இருந்தால், மெல்லிய ட்யூப் மூலம் பைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் பாய்வையும் ஒருசேர அளக்கும் யூரோடைனமிக் சோதனை செய்யப்படும். அழுத்தம் மிகுந்தும் பாய்வு குறைந்தும் இருந்தால் அடைப்பு. இரண்டுமே குறைந்திருந்தால் தசையின் தளர்ச்சி.

அறுவையா மாத்திரையா என்பதை உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு இருக்கிறது என்பதும் தீர்மானிக்கும். ஐ.பி.எஸ்.எஸ். என்ற ஏழு கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாளில் 0 முதல் 35 வரை மதிப்பெண் உண்டு. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. அதை நேர்மையாக நிரப்பித் தருவது, கருவி தரும் எண்ணுக்குச் சற்றும் குறைந்த உதவி அன்று.

எண் நன்றாகவே இருக்கிறது, ஆனால் தொந்தரவு குறையவில்லையே?

அப்படியும் நேரலாம். அடைப்பு இருந்தும், பையின் தசை கூடுதலாக உழைத்து நல்ல வேகத்தைத் தந்துகொண்டிருக்கலாம். அல்லது உங்கள் தொந்தரவு பாய்வைச் சார்ந்ததாகவே இல்லாமல், அவசரமாக வருவது, இரவில் பலமுறை எழுவது என்று பை நிறையும் கட்டத்தைச் சார்ந்ததாக இருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக உங்கள் தொந்தரவு பொய்யாகிவிடாது.

முடிந்த பிறகு மீண்டும் ஸ்கேன் எதற்கு?

பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு. 50 மி.லி.க்குள் இருந்தால் கவலையில்லை; 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்; 300-ஐத் தாண்டினால், வலியே இல்லாவிட்டாலும், சிறுநீரகங்கள் நலமாக உள்ளனவா என்று பார்த்தே தீர வேண்டும். சிறுநீர் கழித்த உடனே இந்த ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும்; அரை மணி நேரம் கழித்து எடுத்தால் புதிதாகச் சுரந்ததும் மிச்சக் கணக்கில் சேர்ந்துவிடும், அதிலும் நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு.

எனக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அது முடிவைப் பாதிக்குமா?

ஆம். நெடுநாள் சர்க்கரை நோய் சிறுநீர்ப்பையின் நரம்புகளை மெல்ல மெல்லப் பாதிக்கிறது. பை நிறைந்த உணர்வு தாமதமாகிறது, தசையின் வலிமை குறைகிறது, மிச்சம் கூடுகிறது. சர்க்கரை நோயும் புராஸ்டேட் வீக்கமும் ஒருங்கே உள்ள ஆணுக்கு, குறைந்த பாய்வுக்கு இவற்றில் எது காரணம் என்று தெரியாமல் அறுவைக்கு அவசரப்படக் கூடாது.

குழந்தைக்கு இதைச் செய்ய முடியுமா?

தானாகக் கழிப்பறைக்குப் போகப் பழகிய குழந்தைக்குச் செய்யலாம். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அதன் பை கொள்ளும் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். ஆறு வயதுக்கு 210 மி.லி. அதில் பாதிக்கு மேல் கழித்திருந்தால் முடிவை நம்பலாம். உச்ச வேகத்தை அந்த உச்ச வேகத்தாலேயே பெருக்கி வருவது, வெளியேறிய மில்லிலிட்டர் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வேகம் போதுமானது: 140 மி.லி. கழித்த குழந்தைக்கு 12 வந்தால் நன்று (12 × 12 = 144). ஆண் குழந்தைக்குப் பிறவியிலேயே சிறுநீர்த்தாரையில் தடுப்புச் சவ்வு இருந்து அகற்றப்பட்டிருந்தால், தொடர்ந்து கவனிக்க இந்தச் சோதனை மிகவும் பயன்படும். கால் தரையில் எட்டாத குழந்தைக்குக் காலடியில் ஒரு பலகை வையுங்கள். தொங்கும் கால்களோடு அமர்ந்தால் குழந்தையால் தசைகளைத் தளர்த்த இயலாது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாமா?

உச்ச வேகத்தை அளக்க இயலாது; சராசரியை அளக்கலாம். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் கழித்து, ஆன நேரத்தைக் குறித்து, அளவை நேரத்தால் வகுக்க வேண்டும். 300 மி.லி. கழிக்க 40 வினாடி ஆனால் சராசரி 7.5. இதைவிடவும் பயனுள்ளது, மூன்று நாட்களுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு கழித்தீர்கள் என்று எழுதி மருத்துவரிடம் கொண்டு செல்வது.

மறுபடியும் எப்போது சோதிக்க வேண்டும்?

டாம்சுலோசின் வகை மாத்திரைகள் சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். புராஸ்டேட்டைச் சுருக்கத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும். மருத்துவர் அதற்கேற்பத் தேதி குறிப்பார். பழைய ரிப்போர்ட்டைக் கோட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வெப்பத்தாளில் அச்சான கோடு நாளடைவில் மங்கிவிடும் என்பதால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் இந்தச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது?

சிறுநீர்த் தொற்றால் எரிச்சல் இருக்கும்போது முதலில் அதற்குச் சிகிச்சை பெற்றுவிட்டுப் பிறகு சோதனைக்கு வரலாம். ஆனால் பல மணி நேரமாகச் சிறுநீர் முற்றிலும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தாலோ, சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வந்தாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கால்கள் மரத்துப் போவதோடு சிறுநீரும் நின்றுபோனாலோ, சோதனைத் தேதிக்காகக் காத்திராமல், இரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முழு அடைப்பு என்றால் அங்கே முதலில் ட்யூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். பாய்வை அளப்பது அந்த ட்யூப் எடுக்கப்பட்டு, நீங்களாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்கிய பிறகுதான்.